அலியோடு மோதாத ஸ்டீவன்சன்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்த செய்தி அறிந்து நிம்மதியடைந்தேன். எனக்கும் மூட்டுவலி சற்றுத் தணிந்திருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. கியூபாவின் குத்துச்சண்டை வீரர் தியோபிலோ ஸ்டீவன்சன் பணத்துக்காக ஆடும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குச் சென்று முகமது அலியுடன் மோதியிருந்தால்தான் அவருடைய தரம் தெரிந்திருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நடக்காத சண்டையைக் கொண்டு ஒருவரை அளப்பது நியாயம்தானா?

நடந்தவற்றைப் பாருங்கள். கிழக்குக் கியூபாவின் புவேர்ட்டோ பாத்ரே பகுதியில் 1952இல் பிறந்த அவர், 1971 பான் அமெரிக்கப் போட்டியில் அமெரிக்காவின் டுவேன் பாபிக்கிடம் தோற்றவர். மறு ஆண்டே மியூனிக் ஒலிம்பிக்கில் அதே பாபிக்கை எதிர்கொண்டார். முதல் இரண்டு சுற்றுகளில் இடக்கையால் தொட்டுத் தொட்டுத் தொலைவை அளந்துகொண்டிருந்தவர், மூன்றாம் சுற்றில் வலக்கைக் குத்துகளை இறக்கியதும் பாபிக் மீண்டும் மீண்டும் தரையில் விழ, நடுவர் சண்டையை நிறுத்தினார். அவசரப்படாத அந்தக் காத்திருப்பைத்தான் நான் அவருடைய கலை என்பேன். 1976இல் மாண்ட்ரியலிலும் 1980இல் மாஸ்கோவிலும் மீண்டும் தங்கம். ஹங்கேரியின் லாஸ்லோ பாப்புக்குப் பிறகு குத்துச்சண்டையில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற இரண்டாமவர் அவரே. மாஸ்கோ அரையிறுதியில் ஹங்கேரி வீரர் ஒருவர் மூன்று சுற்றும் தாக்குப்பிடித்து நின்றதே அன்று செய்தியாயிற்று. அதற்கு முன் ஒலிம்பிக்கில் எவரும் அவர் எதிரே முழு நேரமும் நின்றதில்லை.

அவர் தோற்காதவர் அல்லர். சோவியத் வீரர் இகோர் விசோட்ஸ்கி இருமுறை வென்றார். 1982 உலகப் போட்டியில் இத்தாலியின் தமியானி வென்றார். ஆயினும் 1986இல், முப்பத்து நான்காம் வயதில், அமெரிக்காவின் ரீனோ நகரில் மூன்றாவது உலகப் பட்டத்தை வென்று காட்டினார். 1984ஆம் ஆண்டு ஒலிம்பிக்கைக் கியூபா புறக்கணித்திராவிட்டால் நான்காவது தங்கத்துக்கும் அவர் களமிறங்கியிருப்பார் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

தொழில்முறைக்கு வந்தால் தருவதாக அவரிடம் சொல்லப்பட்ட பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எண்பது லட்சம் கியூபர்களின் அன்புக்கு முன் பத்து லட்சம் டாலர் எம்மாத்திரம் என்று அவர் சொன்னது உலகறிந்தது. தொழில்முறை விளையாட்டு கியூபாவில் தடைசெய்யப்பட்டிருந்ததால் போவதென்றால் நாட்டையே விட்டுப் போக வேண்டும் என்பதையும் நான் மறக்கவில்லை. எனினும் அவ்வழியே சென்றவர்கள் உண்டு, அவர் செல்லவில்லை. 1990களில் அலி மருந்துப் பொருள்களுடன் கியூபா வந்தபோது இருவரும் நண்பர்களாகவே பழகினர். 2012 ஜூனில் ஹவானாவில் மாரடைப்பால் அவர் காலமானபோது அவருக்கு வயது அறுபதுதான்.

கண் முழுமையாகத் தெளிந்ததும் பாபிக்குடனான அந்த மூன்றாம் சுற்றை ஒருமுறை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய தோழன்