ஸ்க்ரூ வைப்பதா வேண்டாமா: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

திருநெல்வேலி

அன்புள்ள சண்முகம்,

பொங்கலுக்குப் பிறகு என்னிடமிருந்து கடிதமே இல்லை என்று நீ மதினியிடம் குறைபட்டுக்கொண்ட செய்தி எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. பேரன் பள்ளியில் சேர்ந்துவிட்டான், என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மேலவீட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. இவ்வளவும் முன்னுரை. நான் எழுத வந்தது உன் தங்கையைப் பற்றி.

சிறிது தூரம் நடந்தாலே அவளுக்குத் தொடையிலிருந்து பாதம் வரை மரத்துப்போகிறது; எங்காவது உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்து நின்றாலோ சரியாகிவிடுகிறது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில், இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையே நரம்புகள் செல்லும் குழல் சுருங்கியிருப்பதும், மேல் எலும்பு சற்று முன்னுக்கு நழுவியிருப்பதும் தெரிந்தன. நரம்பை அழுத்தும் பகுதியை அகற்றிவிட்டு, ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இரண்டு எலும்புகளையும் இணைத்துவிடலாம் என்றார் டாக்டர். இளைஞர், பொறுமையாகவே பேசினார். சிக்கல் வர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டதற்கு, "ஒன்று இரண்டு சதவீதம்தான் சார்" என்றார். ஆயுள் முழுவதும் புள்ளியியல் நடத்தியவனிடம் சொல்லக்கூடிய பதிலா அது? நம் 'சராசரி' சார் இருந்திருந்தால், "தொகுதி சரி, பகுதி எங்கேடா?" என்று சாக்பீஸை எறிந்திருப்பார். அன்றிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதன் பாரத்தைத்தான் இப்போது உன் தலையில் இறக்குகிறேன்.

தொலைபேசியில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "நான் டிஸ்க் ஆபரேஷன் செய்துகொண்டு மறுநாளே நடக்கவில்லையா? யோசிக்காமல் செய்துவிடு" என்றாய். உன்னைப் போன்றவர்களை நெதர்லாந்தில் முறையாக ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை சயாட்டிகா வலியால், அதாவது டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் இறங்கும் வலியால், துடித்த 283 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பொறுக்கமுடியாமல் பிறகு அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். மற்றவர்கள் போகவே இல்லை. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலுமே 95 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் விட்டது என்பதே வேறுபாடு. ஆகவே உனக்குக் குணமானது உண்மை. அறுவை சிகிச்சையால்தான் குணமானது என்பதற்கு உன் கால் சாட்சி சொல்ல முடியாது.

இந்தத் துறையில் குலுக்கல் ஆய்வு நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை முதுகெலும்பு நோயாளிகளைப் பற்றிய அமெரிக்காவின் 'ஸ்போர்ட்' ஆய்வைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். ஜேம்ஸ் வைன்ஸ்டைன் தலைமையில் 13 மருத்துவ மையங்களில் நடந்து, டிஸ்க் பிதுக்கம் பற்றிய முடிவுகள் 2006-இல் வெளியாயின. குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டவர்கள் 501 பேர். இரண்டாண்டுக்குள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 60 சதவீதம் பேர்தான் உண்மையில் அதைச் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பிரிவிலோ 45 சதவீதம் பேர் செய்துகொண்டுவிட்டார்கள். வலி குறைந்தவர்கள் நழுவிவிட்டார்கள், வலி கூடியவர்கள் கத்தியைத் தேடி வந்துவிட்டார்கள். இதில் ஒருவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் குலுக்கலில் விழுந்தபடி கணக்கிட்டால் முக்கிய அளவீடுகளில் இரு பிரிவுக்கும் இடையே உறுதியான வேறுபாடு இல்லை. உண்மையில் நடந்ததை வைத்துக் கணக்கிட்டால் அறுவை சிகிச்சை தெளிவாக மேல். முதுகலைத் தேர்வில் இதை ஒரு கேள்வியாக வைத்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம்.

உன் தங்கையின் பிரச்சினை டிஸ்க் பிதுக்கம் இல்லை, குழல் சுருக்கம். அதில் அழுத்தத்தை நீக்கினால் பலருக்கு நன்மை உண்டு என்பதை நான் ஏற்கிறேன். என்னைத் தூங்கவிடாதது ஸ்க்ரூ: அழுத்தத்தை நீக்குவதோடு எலும்புகளை இணைக்கவும் வேண்டுமா? 2016 ஏப்ரலில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில், ஒரே வாரத்தில், இதே கேள்விக்கு இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமான விடை சொல்லியிருக்கின்றன. சுவீடனில் 247 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எலும்பு நழுவலும் இருந்தது. இரண்டாண்டுக்குப் பிறகு, அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதை அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி மதிப்பெண், இணைப்பும் செய்தவர்களுக்கு 27, அழுத்தத்தை மட்டும் நீக்கியவர்களுக்கு 24. மதிப்பெண் குறைந்தால் நல்லது என்பதை நினைவில் கொள். ஆனாலும் இந்த மூன்று மதிப்பெண் வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியதுதான். இணைப்பு செய்தவர்கள் சராசரியாக 7.4 நாள் மருத்துவமனையில் கிடந்தார்கள், மற்றவர்கள் 4.1 நாள். பின்னால் மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

அமெரிக்க ஆய்வில் 66 பேர்தான். அங்கே பொது உடல்நல மதிப்பெண்ணில் இணைப்புக்குச் சற்று ஏற்றம் கிடைத்தது. ஆஸ்வெஸ்ட்ரியில் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் மறு அறுவை சிகிச்சை இணைப்புப் பிரிவில் 14 சதவீதம், மற்றதில் 34 சதவீதம். இந்த 34-ஐப் பார்த்து முதலில் அரண்டுபோனேன். பிறகு யோசித்தால், மறு அறுவை சிகிச்சை என்பது காய்ச்சல் போலத் தானாக வருவதில்லை. ஒரு நோயாளியும் ஒரு மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. ஸ்க்ரூ வைக்காதவருக்கு வலி தொடர்ந்தால், "இணைத்துப் பார்க்கலாம்" என்று சொல்ல இன்னும் ஒரு வழி மீதமிருக்கிறது. ஏற்கெனவே இணைத்தவருக்கு வலி தொடர்ந்தால் என்ன சொல்வது? அவர் வலியோடு வீட்டில் இருப்பார், கணக்கில் வரமாட்டார். 2021-இல் நார்வேக்காரர்கள், எலும்பு நழுவலும் உள்ள 267 பேரை வைத்து இதையே சோதித்தார்கள். முடக்கம் குறைந்தது 30 சதவீதமாவது தணிந்தவர்கள், இணைக்காத பிரிவில் 71.4 சதவீதம், இணைத்த பிரிவில் 72.9.

சிக்கல்களின் கணக்கோ இதைவிட வழுக்கல். 105 கட்டுரைகளில் இருந்த 79,471 நோயாளிகளை ஒன்றுசேர்த்து 2010-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது; மொத்தத்தில் 16.4 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சிக்கல். முன்கூட்டியே திட்டமிட்டுப் பதிவு செய்த ஆய்வுகளில் 19.9, பழைய கோப்புகளைப் புரட்டி எண்ணியவற்றில் 16.1. கனடாவின் வான்கூவரில் அதற்கென்றே படிவம் வைத்து, 942 பேரை ஒருவர் விடாமல் கவனித்து எழுதினார்கள். 87 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு பாதகமாவது பதிவானது. சிக்கலான நோயாளிகள் அதிகம் வரும் இடம் அது, சிறுநீர்த் தொற்று போன்றவையும் அதில் அடக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ உடனே உன் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லிப் பயமுறுத்திவிடுவாய். இந்த வகை அறுவை சிகிச்சையில் தண்டுவட உறை கிழிவது மட்டுமே 'ஸ்போர்ட்' ஆய்வில் 9 சதவீதம். அங்கேயே தைத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை என்பதால் நம் டாக்டர் அதைச் சிக்கலாகவே எண்ணாமல் இருந்திருக்கலாம். உயிருக்கு ஆபத்தானவற்றை மட்டும் எண்ணினால், அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டுப் பதிவுகளில் அழுத்தம் நீக்குவதற்கு 2.3 சதவீதமும், பல எலும்புகளைச் சேர்க்கும் பெரிய இணைப்புகளுக்கு 5.6 சதவீதமும் வருகிறது. டாக்டர் பொய் சொல்லவில்லை, சண்முகம். எதை எண்ணினார் என்பதைத்தான் சொல்லவில்லை.

எண்ணாமலே விடுவதும் உண்டு. அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. இணைப்பு அறுவை சிகிச்சையில் எலும்பு வளர்வதற்காக வைக்கும் ஒரு புரதத்துக்கு 2002-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உற்பத்தியாளரின் பணத்தில் நடந்த 13 ஆய்வுகளில், அந்தப் புரதம் பெற்ற 780 பேரில் ஒருவருக்குக்கூட அதனால் பாதகம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். முழுப் பூஜ்யத்தைக் கண்டால் உனக்கும் எனக்கும் சந்தேகம் வராதா? 2011-இல் யூஜின் கராகீயும் அவருடைய சகாக்களும் மூல ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, உண்மையான பாதகங்கள் அந்தக் கட்டுரைகள் காட்டியதைப் போல் 10 முதல் 50 மடங்கு இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

இத்தனையையும் சாப்பாட்டு மேசையில் விவரித்துக்கொண்டிருந்தபோது உன் தங்கை குறுக்கிட்டாள். "அந்த மதிப்பெண் எல்லாம் இருக்கட்டும். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தை நடுவில் உட்காராமல் ஒரு சுற்று வர முடியுமா, அதை யாராவது அளந்தார்களா?" என்றாள். அளந்திருக்கிறார்கள். சுவீடன் ஆய்வில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்த்ததில், இணைத்தவர்கள் சராசரியாக 397 மீட்டர், இணைக்காதவர்கள் 405 மீட்டர். சொன்னதும், "அப்படியானால் ஸ்க்ரூ எதற்கு?" என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினாள். நான் பக்கம் பக்கமாகப் படித்ததை அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

என் மனமும் அழுத்தத்தை மட்டும் நீக்கிக்கொள்ளும் பக்கமே சாய்கிறது. ஆனாலும், குனியும்போதும் நிமிரும்போதும் அந்த எலும்பு மேலும் நழுவுகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் தீர்மானிக்கக் கூடாது; நன்றாக அசைகிறது என்றால் கணக்கு வேறு. வரும் வியாழக்கிழமை டாக்டரிடம் அதைக் கேட்கப்போகிறோம். அவருடைய கையால் இதுவரை செய்தவர்களில் எத்தனை பேரை ஓராண்டுக்குப் பிறகும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார் என்பதையும் கேட்பேன். மனிதர் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

இத்துடன் ஆஸ்வெஸ்ட்ரி படிவம் ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண். மதினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பு. இல்லையென்றால் எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டு அனுப்பிவிடுவாய். தாம்பத்தியம் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, அதை விட்டுவிடலாம். அப்போது 50-க்குப் பதில் 45-ஆல் வகுத்துக்கொள்வேன். வியாழனுக்கு முன் வந்தால் நல்லது.

அன்புடன்,
நமச்சி