கயலுக்கு, உன் விண்ணப்பத்தைப் படித்த பிறகு

அன்புள்ள கயல்,

உன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நல்கைக்காக எழுதி நேற்றிரவு நீ அனுப்பிய விண்ணப்பத்தை அச்செடுத்துக்கொண்டு போய், இன்று காலை ஈசூன் கோப்பிக் கடையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது "இந்த வருஷம் வேண்டாம்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நீ சொன்னாய், நான் ஏதோ சத்தமாகப் பேசிவிட்டேன், நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாய். ஃபோனில் பேசினால் மறுபடியும் அப்படித்தான் ஆகும், அதனால் எழுதுகிறேன். நீ விண்ணப்பிக்க வேண்டும். இந்த வருஷமே.

நான்காம் பக்கத்தில் அந்தத் தொடக்கநிலை 2 பையன் வருகிறானே, அவனைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடத்துக்காகத் தன் வகுப்பிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வருகிறான், உட்காருவதற்கு முன்பே "டீச்சர், நேத்து பாட்டி வூட்டுக்குப் போனேன், பாட்டி முறுக்கு சுட்டாங்க" என்கிறான். ஆசிரியை சிரித்த முகத்தோடுதான் திருத்துகிறார், "பாட்டி வீட்டிற்குச் சென்றேன் என்று சொல்லு" என்று. அவனும் சொல்கிறான். அப்புறம் அந்த அரை மணி நேரமும் அவன் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவனிடம் ஒரு கேள்வி கேட்டபோது "ஐ டோன்ட் நோ" என்கிறான். முறுக்கு என்ன ஆயிற்று என்று யாருமே கேட்கவில்லை. இதைப் படித்ததும் நான் தாளை மடித்து வைத்துவிட்டேன், கோப்பி ஆறிப்போயிற்று. முப்பது வருஷத்தில் நானும் எத்தனை பிள்ளைகளை இப்படி, நல்ல எண்ணத்தோடுதான், வாயடைக்க வைத்தேனோ என்று மனசு கனத்துப்போனது.

உன் ஆய்வே இந்தப் பையன்தான் கயல். அவனை ஏன் நான்காம் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாய்? முதல் பக்கம் முழுக்க, பேச்சுக்கு ஒன்று எழுத்துக்கு ஒன்று என்று ஒரே மொழி இரண்டாக வழங்குவதைப் பற்றி மொழியியலாளர் ஃபெர்குசன் 1959-ல் எழுதிய இரட்டை வழக்குக் கட்டுரையில் தொடங்கி, முன்னாய்வுகளாக அடுக்கிவைத்திருக்கிறாய். அவர் இருக்க வேண்டியவர்தான், இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும். உன் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கொடுக்கிற நல்கை இது, தேர்வுக் குழுவில் கல்வித்துறைக்காரர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், மற்றவர்கள் வேதியியல், பொறியியல், வணிகம் என்று வருவார்கள். கையில் ஒரு கட்டு விண்ணப்பம் இருக்கும். அவர்களுக்குப் பேச்சுத்தமிழ் எது, எழுத்துத்தமிழ் எது என்றே தெரியாது, ஆனால் பேச வந்த பிள்ளை பேசாமல் போனது யாருக்கும் புரியும். அதோடு 2005-ல் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்னதை ஒரே வரியில் வை. சொல்லி இருபது வருஷம் ஆயிற்று, பையன் பேசுகிற அந்த நொடியில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போகிறவள் நீ, அதைத் தயங்காமல் எழுது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் நானும் இதே மாதிரி உள்நல்கைக்கு விண்ணப்பித்தேன். ஒரு வகுப்பு, 14 பிள்ளைகள். "14 பேரை வைத்து என்ன தெரிந்துவிடப் போகிறது" என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. எத்தனை பிள்ளைகள் இப்படி என்று நான் எண்ணப் போகவில்லை, ஒரு பிள்ளைக்குள் அது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். ஆனால் அந்தப் பதிலை விண்ணப்பத்திலேயே எழுதாமல் விட்டது என் தவறு. மனம் விட்டுப்போய் அந்த விண்ணப்பத்தை அலமாரியில் வைத்தவன் ஓய்வு பெறும்வரை எடுக்கவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உனக்கு 2 பள்ளிகள், 4 வகுப்புகள், இதே கேள்வி உனக்கும் வரும், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே.

பணத்தைவிட நேரத்தைக் கேள். ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்தையாவது உன் தலையிலிருந்து இறக்கிவைப்பார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பயிற்சி ஆசிரியர்களைப் பார்க்கப் பள்ளி பள்ளியாக எம்ஆர்டி ரயிலில் அலைந்துகொண்டு, ராத்திரி பதினொரு மணிக்கு நீ என்ன எழுத முடியும்? ஆனால் உன் பாடத்தை வேறு ஒருவர் எடுத்தாக வேண்டும், அதை உன் துறைத்தலைவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கடைசி நாளில் கையெழுத்துக்குப் போய் நிற்காதே, திங்கட்கிழமையே போய்ப் பேசு.

செலவுக் கணக்கில் ஒலிப்பதிவை எழுத்தாக்க நீ ஒதுக்கியிருக்கும் நேரம் போதாது. 4 வகுப்பு, வகுப்புக்கு 6 பாடம், அரை மணி வீதம் மொத்தம் 12 மணி நேரப் பதிவு. ஒரு மணி நேரப் பதிவுக்கு எட்டு மணி நேரமாவது வை. தமிழும் ஆங்கிலமும் கலந்து, நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கு நடுவில் ஏழு எட்டு வயசுப் பிள்ளை முணுமுணுப்பதை வேகமாக எழுத யாராலும் முடியாது. 96 மணி நேரம் என்று போடு, இரண்டும் தெரிந்த ஓர் ஆய்வு உதவியாளரைக் கேள். வாங்கப்போவதாக எழுதியிருக்கும் மடிக்கணினியை எடுத்துவிடு, உன்னிடம் இருப்பதே போதும்.

பள்ளிக்குப் போவதை மூன்றாம் தவணையில் போட்டிருக்கிறாய். ஆகஸ்டில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வு, அதைத் தொடர்ந்து எழுத்துத் தேர்வு, அந்த நேரத்தில் எந்தத் தமிழாசிரியர் உனக்குக் கதவைத் திறப்பார்? ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் முடிக்கிற மாதிரி மாற்று. அதற்கு முன்பே ஆய்வு நெறிமுறைக் குழு, கல்வி அமைச்சு, பள்ளி முதல்வர் என்று எல்லாருடைய அனுமதியும், ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். பெற்றோருக்குப் போகிற கடிதத்தைத் தமிழிலும் அனுப்பு, வீட்டில் பாட்டி தாத்தாதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்கள் படித்துச் சொல்வார்கள். இந்த நல்கை முடிந்த பிறகு வெளியே எந்தப் பெரிய நல்கைக்குப் போகப்போகிறாய் என்றும் இரண்டு வரி எழுது. இது விதை மாதிரிதான், அந்த விதை எதற்கு என்று அவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள்.

கிடைக்காமலும் போகலாம். அப்படி ஆனால் அவர்கள் எழுதியனுப்புவதை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வா, சேர்ந்து படிப்போம்.

சனிக்கிழமை காலை பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விட்டுவிடு, அம்மா சொல்லிவிட்டாள், ராத்திரிவரை நீ இந்தப் பக்கமே வர வேண்டாம். முதல் பக்கத்தை மாற்றி எழுதியதும் எனக்கு அனுப்பு, எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன். நீ சாப்பிடாமல் எழுந்துபோன மீன்குழம்பை அன்றைக்கு மறுபடியும் வைக்கிறாளாம்.

அன்புடன்
அப்பா