கழுத்து வலி கைக்கு இறங்கினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழுத்து வலி பற்றித் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையில் ஒரு திருத்தம் தேவை. கைக்கு வலி இறங்குகிறவர்களும் கையைப் பக்கவாட்டில் நீட்டி, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து 30 விநாடி நிறுத்தலாம் என்கிறது அது. வெறும் தசை இறுக்கம் என்றால் சரி. கழுத்தில் நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம்) அழுந்தியிருந்தால், ஏற்கெனவே வீங்கியிருக்கும் நரம்பை இரு முனையிலும் பிடித்து இழுக்கிற வேலை இது. அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். ராத்திரி கை எரியும்.

அவர்களுக்கு ஏற்றது வேறு. முழங்கையை நீட்டும்போது தலையை அதே கைப்பக்கம் சாய்க்க வேண்டும். மடக்கும்போது தலை மறுபக்கம் போகலாம். ஒரு முனை இழுபடும்போது மறுமுனை தளர்வதால் நரம்பு தன் பாதையில் வழுக்கி ஓடும், இழுவை ஏறாது. எங்கும் நிறுத்திப் பிடிக்காமல் 10 முறை போதும். விரலில் 'சுர்' என்று வருவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். முடித்த பிறகும் மரமரப்பு அடங்காமல் நின்றால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

பிசியோதெரபிஸ்ட் கையால் செய்வதிலும் இதே கணக்குதான். மல்லாந்து படுத்தவரின் தலையை இரு கைகளிலும் ஏந்தி, வலியில்லாத பக்கமாகக் கழுத்தை மெல்ல நகர்த்துவார். தலை சாயவோ திரும்பவோ கூடாது. புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். வலிக்கிற கை வயிற்றின்மேல் மடங்கியிருக்கட்டும். பிசியோதெரபிஸ்ட் தலையைப் பிடித்து இழுவை கொடுக்கும்போது கழுத்து சற்றே முன்னால் குனிந்திருக்க வேண்டும். பின்னால் வளைந்தால் நரம்பு வெளியேறும் துவாரம் குறுகி, வலி கூடும்.

பலரும் பயப்படுகிற ஒன்று: விரல் வரை போன வலி முழங்கைக்கும் பிறகு தோளுக்கும் ஏறிவந்து, கழுத்தில் முன்பைவிடச் சற்று கூடுதலாகத் தெரியும். பெரும்பாலும் அது நல்ல அறிகுறி. கழுத்து லேசாகி விரல் மேலும் மரத்துப்போவதுதான் கெட்டது.

எந்த நரம்பு என்பதை விரல்களே ஓரளவு சொல்லிவிடும். கட்டைவிரல் என்றால் ஆறாவது, நடுவிரல் என்றால் ஏழாவது, சுண்டுவிரல் என்றால் எட்டாவது. (கழுத்தெலும்பு ஏழுதான், நரம்பு எட்டு இணை.) கையைத் தலைமேல் வைத்ததும் வலி தணிந்தால் கழுத்தின்மேல் சந்தேகம் வலுக்கும். கையை உதறினால்தான் சரியாகிறது என்பவருக்கு நரம்பு மணிக்கட்டில் அழுந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் பிதுக்கம்' (எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை வெளித்தள்ளுவது) என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது; வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும்.

சலூனில் தாடையைப் பிடித்து 'டக்'கென்று நெட்டி எடுப்பதைக் கைக்கு வலி இறங்குகிறவர்கள் அறவே தவிர்க்க வேண்டும். அரிதாக, கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ தண்டுவடமே அழுந்துகிறதோ என்று பார்க்க வேண்டும். அப்போது கழுத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கட்டுரையோடு வந்த அந்த நீட்டல் படத்துக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் வாசகர், மதுரை