அந்த பிரியாணியில் சோறு இருக்காது

அன்பு மகள் கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் ஈரான் நாட்டு இஸ்ஃபஹான் ஊர்த் தோழி வீட்டில் பிரியாணி விருந்து என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டு போம்மா. தட்டில் சோறு இருக்காது. அதைப் பார்த்து முகம் சுருங்கிவிடாதே, சமைத்தவர்கள் மனசு நோகும்.

நம் பிரியாணிக்குப் பேர் வந்ததே அவர்கள் பேசும் பாரசீக மொழியிலிருந்துதான். 'பெர்யான்' என்றால் வறுத்தது, வாட்டியது. அரிசிக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. இஸ்ஃபஹான்காரர்கள் பேச்சில் 'பெர்யூன்' என்பார்கள். நீயும் அப்படியே சொல்லு, சந்தோஷப்படுவார்கள்.

அங்கே வேலை பார்த்த இரண்டு வருஷமும் நக்‌ஷ்-இ-ஜஹான் மைதானத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கடையில்தான் எனக்கு மதியச் சாப்பாடு. ஆட்டுக்கறியை வெங்காயமும் மஞ்சளும் போட்டுக் குழைய வேகவைத்து, அரைத்து வைத்திருப்பார்கள். நீளக் கைப்பிடி வைத்த குட்டிச் செம்பு வாணலியில் கொஞ்சம் கொழுப்பு, பட்டைத்தூள், குங்குமப்பூ கரைத்த தண்ணீர். அதில் கறியை வடை தட்டுகிற மாதிரி அழுத்தி நெருப்பில் காட்டுவார் கடைக்காரர். ஓரம் முறுகுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். கறி வெந்த சாற்றில் நனைத்த தஃப்தூன் ரொட்டியின் மேல் அப்படியே கவிழ்த்து, சீவிய பாதாமைத் தூவுவார். முதலில் எழும்புவது பட்டை வாசனைதான். இப்போது எழுதும்போதும் மூக்கில் நிற்கிறது.

கூடவே நுரையீரல் இருக்கும், தனியாக வேகவைத்து அரைத்தது. அதை அவர்கள் 'வெள்ளை ஈரல்' என்பார்கள். சின்ன வயதில் நீ தட்டோரம் ஒதுக்குவாயே, அங்கே ஒதுக்காதே. அது இல்லாவிட்டால் எனக்கு அந்தச் சாப்பாடு பாதிதான்.

கரண்டி தேடாதே. ரொட்டியைப் பிய்த்து, கறியோடு பச்சை வெங்காயமும் ரெய்ஹான் இலையும் வைத்துச் சுருட்டிச் சாப்பிடு. ரெய்ஹான் நம் துளசிக்கு உறவு, வாசனையிலேயே தெரிந்துவிடும். நடுநடுவே தூக் குடி, உப்புப் போட்ட மோர்தான் அது.

முதல் நாள் எனக்கு இதெல்லாம் தெரியாது. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் ரொட்டியைப் பிய்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அவர் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது.

வெறுங்கையோடு போகாதே. அம்மா அனுப்பிய முறுக்கு மிச்சமிருந்தால் எடுத்துப் போ. அப்புறம், அந்தச் செம்பு வாணலி அவர்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அப்பா