பென் டிரைவில் பாட்டு ஏற்றுவதை ஏன் நிறுத்துகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் மாதம் முதலாம் திகதியிலிருந்து எங்கள் கடையில் பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் பாட்டு ஏற்றிக் கொடுப்பதை நிறுத்துகிறோம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை இது. நூறு பாட்டு, இருநூறு பாட்டு என்று எண்ணி ஏற்றிக் கொடுத்த காசில்தான் கடை வாடகை கட்டினோம். ஆகவே யோசிக்காமல் எடுத்த முடிவென்று நினைக்க வேண்டாம். பாடியவருக்கு ஒரு சதமும் போய்ச் சேராத வியாபாரம் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

இனி எங்களிடம் ஆல்பம் எனப்படும் முழுத் தொகுப்புகள் மட்டுமே கிடைக்கும். இறுவட்டுகள் (சிடி) நிறைய, இசைத்தட்டுகள் கொஞ்சம். பெரும்பாலும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன பழையவை. அதனால் ஆங்கிலப் பொப் பாடகர்களே அதிகம். எதை எடுப்பது என்று பலரும் கேட்பதால், நான் விரும்பிக் கேட்பவற்றில் மஞ்சள் சீட்டு ஒட்டி இரண்டு வரி எழுதியிருக்கிறேன். சீட்டில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

1992இல் எனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து டேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். அது என் வேலை. கை ஓய்ந்தால் பாட்டு இழுபடும், பெண் குரல் ஆண் குரலைப்போலத் தடித்துவிடும். மாமா கொழும்பில் ஒரு ரெக்கோடிங் பாரில் பதிவுசெய்து கொண்டுவந்த கசட் ஒன்று வீட்டில் இருந்தது. அமெரிக்கப் பாடகி கரோல் கிங்கின் 'டேப்பஸ்ட்ரி' என்ற தொகுப்பு. பிடித்த பாட்டுக்கு நேரே ஓட்டிப் போக முடியாது, அதற்கும் யாராவது பெடல் சுற்ற வேண்டுமே. முடிந்த கசட்டைப் பேனையைச் செருகிக் கையால் பின்னுக்குச் சுற்றிவிட்டு, மறுபடி முதல் பாட்டிலிருந்து தொடங்குவோம்.

ஆங்கிலம் எனக்கு அப்போது அரைகுறை. ஆனாலும் முதல் பாட்டில் அதிரும் பியானோ ஓய்ந்து, இரண்டாவது மெதுவாகத் தொடங்கும் இடத்தில் என் கை தானாகவே தணியும். தணிந்தால் குரல் இழுபடும் என்று தெரியும், என்றாலும் தணியும். அந்த இரண்டாவது பாட்டின் பெயர் 'சோ ஃபார் அவே', எவ்வளவோ தொலைவில் என்று பொருள். மாமா அதற்குள் பாரிசுக்குப் போய்விட்டிருந்தார். அம்மம்மா அந்தப் பாட்டு வரும்போது மட்டும் குசினியிலிருந்து வந்து நிலைப்படியில் உட்காருவார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. இதே பாட்டைத் தனியே பிடுங்கி இருநூறு பாட்டுகளுக்கு நடுவில் போட்டால் நல்ல பாட்டாகத்தான் இருக்கும். ஆனால் முன்னால் அந்த அதிர்வு இருந்தால்தான் பின்னால் வரும் தொலைவு நெஞ்சில் தைக்கும். பென் டிரைவில் நான் ஏற்றிக் கொடுத்தபோதெல்லாம் அந்த வரிசையை உடைத்தே கொடுத்தேன். பல நாளாக இது என் மனதை அறுத்துக்கொண்டிருந்தது.

'டேப்பஸ்ட்ரி' 1971இல் வெளிவந்தது. அமெரிக்கப் பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கு முன்பு கரோல் கிங் பெரும்பாலும் மற்றவர்கள் பாடுவதற்கே மெட்டமைத்துக் கொடுத்துவந்தார். பதினெட்டு வயதில், கணவர் ஜெரி கோஃபின் வரிகளை எழுத, 'வில் யூ லவ் மீ டுமாரோ' என்ற பாட்டுக்கு மெட்டமைத்தார். ஷிரெல்ஸ் என்ற பெண்கள் குழு அதைத் துள்ளலாகப் பாடிப் புகழ் பெற்றது. பத்தாண்டு கழித்து, மணமுறிவும் கண்டு இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாயும் ஆனபின், அதே பாட்டை இந்தத் தொகுப்பில் அவரே பாடுகிறார், மிக மெதுவாக. நாளைக்கும் என்னை விரும்புவாயா என்ற அந்தக் கேள்வியைச் சிறுமி கேட்பதும், வாழ்ந்து பார்த்தவள் கேட்பதும் ஒன்றல்ல. ஒன்பதாவது பாட்டு அது. தயவுசெய்து அதற்கு நேரே தாவிவிடாதீர்கள்.

நான் சீட்டு ஒட்டிய பாடகர்களில் பெரும்பாலானோர் தாங்களே எழுதி மெட்டமைத்துப் பாடுகிறவர்கள். இப்படிச் சொல்லும் மெட்டும் ஒருவருடையதாகவே இருப்பது நமக்குப் புதிதல்ல. வாக்கேயகாரர் என்று அவர்களுக்கு நாம் பெயரே வைத்திருக்கிறோம். நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அப்படிப்பட்டவர்தானே. நம் மண்ணில் கிற்றாரை எடுத்துக்கொண்டு 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினத்தையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். இந்த மேலைநாட்டுப் பாடகர்களை அந்நியமாக எண்ணித் தள்ளிவைக்கிற பெரியவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அதே 1971இல் வந்தது ஜோனி மிச்சலின் 'புளூ'. கரோல் கிங்கின் அந்த ஒன்பதாவது பாட்டில் பின்குரல் கொடுப்பவர்களில் இவரும் ஒருவர். கனடாவில் ஒன்பது வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இவருடைய இடக்கை பலமிழந்தது. வழக்கமான பிடிகள் கடினமானதால், கிற்றாரின் நரம்புகளைத் தன் கைக்கு ஏற்றபடி வேறு சுருதிகளில் கூட்டிக்கொண்டார். அதனால்தான் அந்தக் கிற்றார் வேறு எவருடையதைப்போலவும் ஒலிப்பதில்லை. கிற்றார் பழகும் தம்பி தங்கைகள் இதை அவசியம் கேட்க வேண்டும். 'லிட்டில் கிரீன்' என்ற பாட்டு, வறுமையில் தத்துக் கொடுத்துவிட்ட தன் மகளைப் பற்றியது. முதல் தடவை கேட்டபோது எனக்கு அது தெரியாது, தாலாட்டு என்றே நினைத்தேன். தெரிந்தபின் கடையில் ஆட்கள் இருக்கும்போது அதைப் போடுவதில்லை.

பில் விதர்ஸின் 'ஜஸ்ட் அஸ் ஐ ஆம்' தொகுப்பும் 1971தான். அதன் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். செங்கற்சுவர் அருகே சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு மனிதர் நிற்கிறார். விமானங்களுக்குக் கழிப்பறைப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவர் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. முப்பது வயது கடந்து, ஒன்பது ஆண்டு கடற்படையில் இருந்துவிட்டு வந்தவரின் முதல் தொகுப்பு. 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டின் நடுவில் இரண்டே சொற்களை 26 தடவை திருப்பிச் சொல்கிறார். அங்கே வேறு வரிகள் எழுத நினைத்திருந்தவரை, உடன் வாசித்தவர்கள் அப்படியே விடச் சொன்னார்களாம். நல்லவேளை. பாட்டியின் கைகளைப் பற்றி ஒரு பாட்டும் இதில் இருக்கிறது. அம்மம்மாவிடம் வளர்ந்தவர்கள் அதைத் தனியே இருந்து கேளுங்கள். எதை வாங்குவது என்று தெரியாமல் வருகிறவருக்கு நான் முதலில் நீட்டுவது இந்தத் தொகுப்பைத்தான்.

நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' எல்லாருக்கும் கொடுக்கமாட்டேன். ஒரு குரல், ஒரு கிற்றார், முதல் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. இரண்டே இரவுகளில் பதிவானது, அரை மணி நேரம்கூட ஓடாது. 26 வயதில் இறந்துபோனவர். மனம் நொந்திருக்கும் நாளில் வேண்டாம், கார்த்திகை மழையில் மனம் அமைதியாக இருக்கும்போது கேளுங்கள். நோரா ஜோன்ஸின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பை ரவிசங்கரின் மகள் என்பதற்காகவே கேட்டு வருகிறார்கள். சிதார் அதில் இல்லை, குரலுக்காக வாங்குங்கள். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தின் 'கலா' 2007இல் வந்தது, தாயின் பெயரை வைத்த தொகுப்பு. சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். உறுமியின் முழக்கத்தை அத்தனை துணிச்சலாகப் பொப் இசைக்குள் கொண்டுவந்த வேறொருவரை நான் கேட்டதில்லை. சிறிய ஹெட்போனில் அது எடுபடாது, பெரிய ஸ்பீக்கர் வேண்டும்.

கடையின் பின்பக்கத்தில் இரண்டு கதிரையும் ஒரு பிளேயரும் வைத்திருக்கிறோம். வாங்கும் முன் எந்தத் தொகுப்பையும் முழுவதுமாக இருந்து கேட்கலாம், கட்டணம் இல்லை. பழைய இறுவட்டுகளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்தே விற்கிறோம். ஆனாலும் எங்கேனும் தாவினால் ஒரு மாதத்துக்குள் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், பிறகு பிளேயரால் அதை வாசிக்க முடியாது. நம் ஊர் உப்புக் காற்றுக்கு உள்ளே இருக்கும் பாட்டுப் புத்தகத்தின் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் எடுத்துத் தட்டி விசிறி வையுங்கள்.

ஏற்கெனவே பாட்டு ஏற்றுவதற்காகத் தந்த பென் டிரைவுகள் ஏழு எங்களிடம் இருக்கின்றன. முன்பணம் கட்டியவர்கள் இந்த மாத முடிவுக்குள் வந்து பணத்தையும் டிரைவையும் பெற்றுக்கொள்ளுங்கள். போயா தினங்கள் தவிர மற்ற எல்லா நாளும் காலை ஒன்பதரை மணிக்குக் கடை திறந்திருக்கும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
யாழ்ப்பாணம்