பள்ளிக்கூட மசோதாவைப் பற்றி மகனுக்கு

நாஷ்வில்
ஜூன் 2025

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பாதி பதில்தான் சொன்னேன். அப்பா குறுக்கே பேச, நீ குரலை உயர்த்த, மீதி அப்படியே நின்றுபோனது. அன்றிலிருந்து சமைக்கும்போதும் காரோட்டும்போதும் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். எழுதிவிட்டால் மனசு அடங்கும்.

"நாம வரிசைல நின்னுதானேம்மா வந்தோம்? குடியேற்றப் பேப்பர் இல்லாம வந்தவங்க பிள்ளைங்க படிப்புக்கு மத்தவங்க ஏன் வரி கட்டணும்? செனட் கேட்டதுல என்ன தப்பு?" என்று கேட்டாய். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கோயிலில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் நம் ஆட்களில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள். ஆனால் மசோதாவில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் அதில் குறைவு.

நம் டென்னசி மாநில செனட்டில் போ வாட்சனும் மாநிலப் பிரதிநிதிகள் சபையில் வில்லியம் லாம்பெர்த்தும் கொண்டுவந்தது இது. செனட் நிறைவேற்றிய வடிவத்தில், அரசுப் பள்ளியில் சேர வரும் பிள்ளை குடிமகனா, சட்டப்படியான குடியேற்ற அந்தஸ்தோ விசாவோ உள்ளவனா என்பதற்குப் பள்ளி ஆதாரம் கேட்கவேண்டும். ஆதாரம் இல்லாவிட்டால் கல்விக் கட்டணம் வசூலிக்கலாம், கட்ட முடியாதவர்களைச் சேர்க்காமல் விடலாம். சபையின் வடிவம் கொஞ்சம் தளர்வானது. கேட்பதும் கேட்காததும் அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் விருப்பம் என்றது. ஏப்ரல் 10ஆம் தேதி செனட்டில் 19-13 என்று நிறைவேறியது. எதிர்த்த 13 பேரில் 7 பேர் ஆளும் குடியரசுக் கட்சிக்காரர்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த விவாதத்தை லேப்டாப்பில் உட்கார்ந்து பார்த்தேன். கல்லாட்டின் ஊர்க்காரரான ஃபெரல் ஹெய்ல், அதே கட்சிக்காரர், பெற்றோர் செய்த தவறுக்குப் பிள்ளைகளைத் தண்டிக்கிறோம் என்று பைபிளை வைத்துப் பேசினார். அவருடைய மற்ற கருத்துகள் பலவும் எனக்கு ஒத்துவராதவை. ஆனாலும் சொந்தக் கட்சியில் பெரும்பாலோர் ஒரு பக்கம் நிற்கும்போது எழுந்து அப்படிப் பேசுவதற்கு உள்ளே ஏதோ உறுதி வேண்டும்.

அப்புறம் பிரதிநிதிகள் சபையில் அது நின்றுவிட்டது. பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டு நிறுத்தவில்லை. மத்திய அரசு கல்விக்குத் தரும் 100 கோடி டாலருக்கு மேற்பட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில், வாஷிங்டனிடம் விளக்கம் கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் கடைசியில் கூட்டத்தொடர் முடிந்தது, மசோதா சாகவில்லை. வரும் ஜனவரியில் சட்டசபை கூடும்போது விட்ட இடத்திலிருந்து எடுக்கலாம்.

இதெல்லாம் நேற்று முளைத்த யோசனை இல்லை. 1975இல் டெக்சஸ் சட்டசபை இதையேதான் செய்தது. சட்டப்படி நாட்டுக்குள் வராத பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் கிடையாது, பள்ளிகள் அவர்களைச் சேர்க்காமலும் இருக்கலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். டைலர் என்று ஒரு ஊர், ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே 1977இல் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 1,000 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். அன்றைக்கு ஒரு கூலிக் குடும்பத்துக்கு 1,000 டாலர் எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பார். நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன. பெயர் வெளியே தெரியக்கூடாது என்று நீதிமன்றத்தில் மாற்றுப் பெயர் வைத்தார்கள். ஊர் கண்ணில் படாமல் வந்துபோக வேண்டும் என்று நீதிபதி விசாரணையைக் காலை 6 மணிக்கு வைத்தாராம். அங்கேயே பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு விசாரணைக்கு வந்த குடும்பம் உண்டு. பிள்ளை இரண்டாம் வகுப்பில் உட்காரவேண்டும் என்பதற்காக ஒரு தாய் அந்த இருட்டில் என்னென்ன மூட்டை கட்டியிருப்பாள் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982 ஜூனில் 5-4 என்று பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பிளைலர் எதிர் டோ என்று சொல்கிறார்களே, அதுதான். பிளைலர் என்பது அந்த ஊர்ப் பள்ளிக் கண்காணிப்பாளரின் பெயர். தோற்றவர் அவர்தான். பல வருஷம் கழித்து, தோற்றதே நல்லதாகப் போயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தீர்ப்பைத் திரும்ப நீதிமன்றத்துக்கு இழுத்து மாற்றிவிட வேண்டும் என்பதுதான் டென்னசி மசோதாவின் நோக்கம். கொண்டுவந்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை. ஒரு ஓட்டு வித்தியாசத்தில் 43 வருஷமாக நிற்கும் தீர்ப்பு இது கண்ணு.

சரி, வரிக்கு வருகிறேன். டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, உனக்குத் தெரியும். அரசு ஓடுவதில் பெரும்பகுதி விற்பனை வரியில். நாஷ்வில்லில் இப்போது 9.75%. கடையில் வாங்கும் அரிசிக்கும் பாலுக்கும்கூட இங்கே வரி உண்டு, விகிதம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நோலன்ஸ்வில் பைக்கில் நான் கறிவேப்பிலை வாங்கும் அதே கடையில் எனக்கு முன்னால் நிற்கும் கட்டட வேலைக்காரரிடம் யாரும் பேப்பர் கேட்டுவிட்டு வரி போடுவதில்லை. அவர் கொடுக்கும் வாடகையிலிருந்துதான் வீட்டுக்காரர் சொத்து வரி கட்டுகிறார், அந்தச் சொத்து வரியிலும்தான் பள்ளி நடக்கிறது. "மற்றவர்கள் வரி" என்று நீ சொன்னதில் அவரும் இருக்கிறார்.

செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குக் கூடுதல் ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும். நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஸ்பானிஷ், குர்திஷ், அரபி மூன்றும் ஒரே வகுப்பில் கேட்கும். ஆசிரியர்கள் திணறுவதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் இங்கேயே பிறந்த குடிமக்கள். இன்னொன்று, 2008இல் ஏழு வயதில் நீ வந்து இறங்கியபோது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற கேள்விக்கு "தமிழ்" என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். உன்னையும் ஒரு வருஷம் தினமும் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் அப்படி ஒரு கூடுதல் ஆசிரியைதான் வாய் திறக்க வைத்தார். அவருக்குச் சம்பளம் வந்ததும் இதே கணக்கில்தான்.

இனி வரிசை. நாம் பட்டது சும்மா இல்லை, அதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கிரீன் கார்டு வரிசையில் எந்தத் தேதிக்காரர்களின் முறை வந்தது என்று அரசு சொல்லும் விசா புல்லட்டின் மாதாமாதம் வரும் நாளில் அப்பா முகத்தைப் பார்த்தே தேதி நகர்ந்ததா இல்லையா என்று நமக்குத் தெரிந்துவிடும். 21 வயது ஆகிவிட்டால் நீ எங்கள் கிரீன் கார்டுக் கோப்பிலிருந்து விழுந்துவிடுவாய் என்ற பயம் நீ எட்டாவது படிக்கும்போதே என்னைப் பிடித்துக்கொண்டது. 2020 அக்டோபரில் இ.பி.-3 என்ற நம் வேலைவழி கிரீன் கார்டு வகையில் இந்தியர்கள் விண்ணப்பிக்கும் தேதி திடீரென்று 2015 ஜனவரிக்குத் தாவியதே, அன்று உனக்கு 19 வயது. இரண்டு வருஷம் தள்ளியிருந்தால் ஏழு வயதிலிருந்து வளர்ந்த ஊரில் உனக்கும் பேப்பர் இருந்திருக்காது. நீ என்ன தப்பு செய்திருப்பாய் அப்போது?

நமக்கு ஒரு வரிசை இருந்தது. அப்பாவுக்குப் பொறியியல் பட்டம் இருந்தது, கம்பெனி வக்கீல் வைத்தது. குவாதமாலாவிலிருந்து கூரை வேலைக்கு வந்தவருக்கு எந்த ஜன்னல் முன்னால் வரிசை? படிப்புத் தேவைப்படாத வேலைகளுக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்கு அதிகபட்சம் 10,000 கிரீன் கார்டுதான், அதிலும் குடும்பத்துக்கெல்லாம் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். வரிசையே இல்லாத இடத்தில் வரிசையைத் தாண்டினார்கள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லை வேண்டாம், சட்டம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? யார் வரலாம், யார் தங்கலாம் என்பதை ஒரு நாடு முடிவு செய்யட்டும், அதற்கு நீதிமன்றமும் அலுவலகமும் இருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளை எழுத்துப் படிக்கும் அறையில் வைத்து அதை முடிவு செய்ய வேண்டாம் என்கிறேன்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. போனில் அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த மசோதா சட்டமானால் அந்தக் கேள்வியைக் கேட்கப்போவது போ வாட்சன் இல்லை, நான்.

ஆகஸ்டில் பதிவு நாட்களில் வகுப்பு உதவியாளர்களையும் அலுவலக மேசையில் உட்கார வைக்கிறார்கள். போன வருஷம் ஒரு பெண்மணி வந்தார், ஒன்பது வயது மகளும் மழலையர் வகுப்பில் சேர வந்த பையனும் கூட. பிளாஸ்டிக் கவரில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்: வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், தடுப்பூசிச் சான்று, பிறப்புச் சான்று. நான் கேட்பதை மகள் அம்மாவுக்கு ஸ்பானிஷில் சொன்னாள், அம்மா சொல்வதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஒவ்வொரு தாளையும் நான் வாங்கும்போது அந்த அம்மா அதை இரண்டு கையாலும் கொடுத்தார். கடைசித் தாளை நான் திருப்பிக் கொடுத்ததும் "வேற ஏதாவது வேணுமா?" என்று அந்தச் சிறுமி கேட்டாள். "போதும்மா, திங்கட்கிழமை தம்பியைக் கூட்டிட்டு வா" என்றேன். அவர்களிடம் பேப்பர் இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமே வரவில்லை. வேறு ஏதாவது வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டு, அவள் வாயாலேயே "எங்களிடம் இல்லை" என்று மொழிபெயர்க்க வைப்பதா? என்னால் முடியாது கண்ணு.

எனக்கு அந்தத் தாள்களைப் படிக்கத் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. உன் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை 2011லேயே காலாவதி ஆகிவிட்டது. அதற்கப்புறம் நாம் இருந்ததெல்லாம் ஐ-797 என்ற அனுமதித் தாளின் பலத்தில். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்கும் பள்ளி எழுத்தருக்கு முடிந்துபோன முத்திரைதான் கண்ணில் படும். கார் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் அப்பாவை மூன்று தடவை அலையவிட்டது ஞாபகம் இருக்கிறதா? அகதிகளுக்கு ஒரு தாள், தஞ்சம் கேட்டவர்களுக்கு வேறு ஒன்று, தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வக்கீல்களே தடுமாறும் விஷயத்தை என் மாதிரி ஆள் ஐந்து நிமிஷத்தில் தீர்மானிக்கவேண்டும். சந்தேகம் முதலில் விழுவது யார்மேல் என்று நீயே சொல். தோல் நிறத்தையும் பெயரையும் பார்த்துத்தான் விழும், அதில் நம் பிள்ளைகளும் அடக்கம்.

மே மாத ஆரம்பத்தில் இங்கே நடந்ததை நீ செய்தியில் படித்திருப்பாய். மாநில நெடுஞ்சாலை போலீசும் குடிவரவு அதிகாரிகளும் சேர்ந்து தெற்கு நாஷ்வில்லில் கார்களை நிறுத்தி, சில நாட்களில் கிட்டத்தட்ட 200 பேரைப் பிடித்துப் போனார்கள். அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் பல நாற்காலிகள் காலி. வந்த ஒரு பையன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான். ஜனவரியிலேயே மாநில சட்டசபையில் சிறப்புக் கூட்டம் போட்டு, பேப்பர் இல்லாதவர்களுக்கு அடைக்கலம் தரும் கொள்கைக்கு ஓட்டுப் போடும் உள்ளூர்க் கவுன்சிலர்மீது குற்றவழக்குப் போடலாம் என்று சட்டமே இயற்றிவிட்டார்கள். ஓட்டுப் போட்டதற்கு வழக்கு! ஊரில் இதைச் சொன்னால் உன் தாத்தா நம்பியிருக்கமாட்டார். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நிம்மதியான இடம் பள்ளிதான்.

குடியுரிமை வாங்கும்வரை, அதாவது 2027க்கு முன், உனக்கும் எனக்கும் ஓட்டு இல்லை. ஆனால் சட்டசபைக் குழுக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஜனவரிக்குப் பிறகு குழுவில் இந்த மசோதா வரும் நாளில் லீவு போட்டுவிட்டுப் போவேன், தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். உன்னோடு படித்தவர்களில் ஃப்ராங்க்ளினிலும் மர்ஃப்ரீஸ்போரோவிலும் இருப்பவர்கள் நிறையப் பேர் இங்கே பிறந்தவர்கள். அவர்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு போன் செய்தால் என் பத்துக் கடிதத்துக்குச் சமம். நீ ஒத்துக்கொண்டால் மட்டும் அவர்களிடம் பேசு. ஒத்துக்கொள்ளாவிட்டால் எதில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு எழுது. போனில் வேண்டாம்.

ஜூலைக் கடைசியில் வருகிறேன் என்றாயே, டிக்கெட்டை ஒரு வாரம் நீட்டிப் போடு. பதிவு நாட்களில் எங்களுக்கு ஆள் போதாது, தன்னார்வலர்கள் தேவை. உன் பள்ளிக்கூட ஸ்பானிஷ் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் உதவும். சியாட்டில் குளிருக்கு வாங்கிய அந்தத் தடிச் சட்டையெல்லாம் எடுத்து வராதே, இங்கே வெயில் கொளுத்தும்.

அன்புடன்,
அம்மா