‘சரி சிஸ்டர்’

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

திட்டாதே. சித்திரைத் திருவிழா முடிந்ததும் எழுதுகிறேன் என்றேன், தீபாவளியும் போய்விட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் பத்தாவது. அவருக்கு அதே முதுகுவலி. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் வார்டில் ஒருவர் போய்ச் சேர்ந்திருப்பார். பிழைத்தது அவர் வாயால்.

ராத்திரி பதினொன்றரை. 28 கட்டிலுக்கு இரண்டு பேர் டூட்டி. அதில் ஒருத்தி ஒரு கேஸை ஐசியூவுக்கு மாற்றப் போய்விட்டாள். மீதி இருந்தது போன வருஷம் சேர்ந்த பெண். ஒல்லியாக, எதற்கும் தலையாட்டிக்கொண்டு, முதல் வருஷத்து உன்னைப் போலவே இருப்பாள். ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவருக்குச் சர்க்கரை 340. டூட்டி டாக்டர் கேஷுவாலிட்டியில் மாட்டிக்கொண்டிருந்ததால் போனிலேயே இன்சுலின் சொல்லிவிட்டார். அவர் சொன்னது ஃபிஃப்டீன் யூனிட். இவள் காதில் விழுந்தது ஃபிஃப்டி. ‘சரி சார்’ என்று போனை வைத்துவிட்டாள்.

உனக்குத் தெரியும், இங்கே மில்லிக்கு நாற்பது யூனிட் இன்சுலின் குப்பி, ஒரு மில்லி பிடிக்கிற சிவப்பு மூடி சிரிஞ்சு. நிறைய இழுத்தாலும் நாற்பதுதான் வரும். ஐம்பது போட இரண்டாவது சிரிஞ்சு வேண்டும். எடுத்திருக்கிறாள், செல்வி! ட்ரேயில் இரண்டையும் வைத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். கண்டக்டர் எழுந்து உட்கார்ந்து, “என்ன பாப்பா, எனக்கு டபுள் டிக்கெட்டா? இருபதுக்கு மேல நான் போட்டதே இல்லையே” என்றிருக்கிறார். அதற்கப்புறம்தான் டாக்டருக்கு மறுபடி போன்.

இன்சுலின் என்றால் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும், போனில் வந்த ஆர்டரை எழுதித் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. ‘திருப்பிப் படித்தேன்’ என்ற கட்டத்தில் அவள் டிக்கும் போட்டிருந்தாள். அந்த டிக்கை நாங்கள் எல்லோருமே விடியற்காலையில் மொத்தமாகப் போடுகிறவர்கள்தான். அவளை மட்டும் சொல்லி என்ன பயன்?

காலையில் ராத்திரி டூட்டியிடமிருந்து வார்டை ஓவர் எடுக்கும்போது விஷயம் தெரிந்தது. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாததா. தனியாகக் கூப்பிட்டேன்.

“ஐம்பதுன்னா சந்தேகமே வரலையா?”

“வந்துச்சு சிஸ்டர்.”

“அப்ப ஏன் திரும்பக் கேட்கல?”

ரொம்ப நேரம் தரையைப் பார்த்தாள். அப்புறம், “போன மாசம் ட்ரிப்ஸ் எவ்வளவு வேகமா விடணும்னு கேட்டப்ப திட்டுனீங்க சிஸ்டர்.”

எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. எல்லோர் முன்னாலும், ‘இதுகூடத் தெரியாமலா கோர்ஸ் முடிச்ச?’ என்று கேட்டிருக்கிறேன். யாருடைய வசனம் இது? ஆமாம்டி, நம் ‘மூக்குக்கண்ணாடி’ அம்மாவின் வசனமேதான். ஹாஸ்டல் மொட்டை மாடியில் சாம்பார்க் கரண்டியோடு நீ அந்த அம்மாவைப் போல நடிப்பாயே, அதற்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான். இப்போது எனக்கும் படிக்கிற கண்ணாடி வந்துவிட்டது, அதுவும் மூக்கில் நிற்பதில்லை.

நிர்வாகம் என்ன செய்தது என்று கேட்பாயே. அறுபத்து மூன்று பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. காலையில் ரோஜாப்பூவோடு குட் மார்னிங், மத்தியானம் யாருக்கோ பிறந்தநாள், நடுவில் ஒரு முக்கியமான மருந்துச் சுற்றறிக்கை. அதற்கு 41 கட்டை விரல். எத்தனை பேர் படித்தார்கள் என்பது மீனாட்சிக்கே வெளிச்சம்.

அப்புறம் ஒரு பயிற்சியாளர் வந்தார். வட்டமாக நிற்கவைத்துப் பந்து தூக்கிப் போடச் சொன்னார். என் முதுகைப் பிடித்துக்கொண்டு நானும் போட்டேன். ஆனால் அந்த மனிதர் கடைசியில் சொன்ன ஒரு கதை என்னைத் தூங்கவிடவில்லை. 1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் டெனரீஃப் விமான நிலையம், கடும் பனிமூட்டம். ஒரே ஓடுபாதையில் கேஎல்எம், பான் ஆம் என்று இரண்டு ஜம்போ விமானங்கள், ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியாமல். கேஎல்எம் கிளம்பி ஓட ஆரம்பித்துவிட்டது. அதன் ஃப்ளைட் இன்ஜினியருக்கு மட்டும் வானொலியில் கேட்டதை வைத்துச் சந்தேகம்: அந்த பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ? கேட்டேவிட்டார். கேப்டன் அந்தக் கம்பெனியிலேயே மற்ற விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெரிய ஆள். விலகியாச்சு என்று அடித்துச் சொன்னார். இன்ஜினியர் மறுபடி கேட்கவில்லை. சில நொடிகளில் 583 உயிர் போனது.

மற்றவர்கள் 583 என்றதும் உச்சுக்கொட்டினார்கள். நான் அந்த இன்ஜினியரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவராவது ஒரு தடவை கேட்டார். என் வார்டில் அந்த ஒரு தடவையையும் நான் பிடுங்கிவிட்டேனே.

இன்னொரு வேடிக்கை கவனித்தாயா? நாள் முழுக்கத் தமிழில் பேசுகிறோம், எண் வந்தால் மட்டும் இங்கிலீஷ். பதினைந்தையும் ஐம்பதையும் யாரால் குழப்ப முடியும்? தமிழிலேயே சொல்லுங்கள் என்று சட்டம் போட வாயெடுத்தேன். “அம்பது, எம்பது போன்ல ஒண்ணாத்தான் சிஸ்டர் கேட்கும்” என்றார் ஆயாம்மா. சந்தையில் காய் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் இப்போது ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாக எழுதி, அப்படியே படித்துக் காட்டி, டாக்டர் ஆமாம் என்ற பிறகுதான் போன் கீழே. முதல் வாரம் டாக்டர்கள் சலித்துக்கொண்டார்கள். கண்டக்டர் கதையைச் சொன்னேன், அடங்கினார்கள். ஓவர் கொடுப்பதும் இப்போது மேஜையில் இல்லை, கட்டில் ஓரத்தில். நோயாளி காதில் விழட்டும், தப்பு இருந்தால் அவரே சொல்லட்டும்.

இதெல்லாம் நடந்துவிடுகிறது. என்னை அரிப்பது அந்தச் ‘சரி சிஸ்டர்’தான். கேட்டது என்றாலும் சரி, புரிந்தது என்றாலும் சரி, புரியவில்லை ஆளை விடு என்றாலும் அதே சரி. பத்தொன்பது வருஷமாக இந்தச் சொல்லைக் கேட்டு, வார்டு ஒழுங்காக நடக்கிறது என்று மார்தட்டியிருக்கிறேன். இப்போது யாராவது சரி என்றால், ‘என்ன சரி? சொல்லு’ என்று கேட்கிறேன். அதையும் அதட்டலாகத்தான் கேட்கிறேனாம், ஆயாம்மா சொல்கிறார். என் குரலை நான் எங்கே கொண்டுபோய் மாற்ற? மஸ்கட்டில் பத்து நாட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ எப்படிச் சமாளிக்கிறாய்? நிஜமாகவே கேட்கிறேன், கேலி பண்ணாமல் எழுது.

சந்தேகம் வந்தால் எந்நேரமும் வீட்டுக்குப் போன் பண்ணு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவைத்தேன். நேற்று ராத்திரி இரண்டேகாலுக்குப் பண்ணினாள். கேட்டது, கையெழுத்து எந்த நோட்டில் வாங்க வேண்டும் என்று! பல்லைக் கடித்துக்கொண்டு, “நல்லவேளை கேட்டம்மா” என்றேன். இவர் புரண்டு படுத்துக்கொண்டே, “இதுகூடத் தெரியாதா அந்தப் பொண்ணுக்கு?” என்றார்.

அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறேன், உன் தம்பி வரும்போது கொடுத்தனுப்புகிறேன். இதற்கும் கட்டை விரலை மட்டும் அனுப்பினால் ஊறுகாய் கிடையாது.

உன்,
பானு